கூடைக்கு ஒரு கையெழுத்து

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி, கைத்தொழில் செய்யும் சகோதரிகளுக்காகவும் இளைஞர்களுக்காகவும் நடைபெற்ற அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

கைத்தொழில் செய்வோர் தம் பொருளுக்குக் கையெழுத்து வடிவில் ஓர் இலச்சினை அமைத்துக்கொள்வது எப்படி என்பதே இன்று நமக்குத் தரப்பட்ட பொருள். இளைஞர்கள் அதை லோகோ என்பார்கள். எப்பெயரால் அழைத்தாலும் ஒன்றுதான்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொண்டு மேற்செல்வோம். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வாரத்துக்குப் பத்து ஒயர் கூடை பின்னுகிறவருக்கும், தொழுகைத் தொப்பி பின்னுகிறவருக்கும், துணிப்பை தைக்கிறவருக்கும் இலச்சினை எதற்கு, அது பெரிய கம்பெனிகளுக்குரிய அலங்காரமல்லவா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நம் சத்தியமங்கலத்திலிருந்து ஒரு கூடை புறப்பட்டுப் போகும் வழியைச் சற்றுப் பின்தொடர்ந்தால் விடை கிடைத்துவிடும். பின்னிய கையிலிருந்து அது தரகரிடம் போகிறது. அவர் கோவைக்கோ, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மைசூருக்கோ அனுப்பி வைக்கிறார். அங்கே கடைக்காரர் தம் கடையின் பெயர் அச்சிட்ட அட்டையைக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடுகிறார். கூடை நன்றாக உழைக்கிறது என்று கண்ட அம்மையார் இன்னொன்று வாங்க விரும்பினால், அந்தக் கடையைத்தான் தேடிப் போவார். கூடையைப் பின்னியவர் யார், எந்த ஊர் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. நாளைக்கே அக்கடைக்காரர் வேறு ஊரில் மலிவாகக் கூடை வாங்கத் தொடங்கினாலும், அட்டையில் உள்ள பெயர் மாறாது. வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாது. வேலை இழந்தவர் மட்டுமே அதை அறிவார்.

இதற்கு வெகுதூரத்தில் உதாரணம் தேட வேண்டியதில்லை. நம் ஊரைத் தழுவி ஓடும் பவானி ஆறு காவிரியோடு கலக்கும் கூடுதுறையில் இருக்கிறது பவானி நகரம். அதன் ஜமக்காளத்தை அறியாத வீடு கொங்குநாட்டில் இல்லை. நிக்காஹ் மஜ்லிசுக்கும், ஊர்க்கூட்டத்துக்கும் நாம் விரித்து அமர்ந்த பட்டைக்கோட்டு விரிப்பு அதுதான். 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியபோது, ஜமக்காளமும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இருந்தும் என்ன நடந்தது? மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரிலிருந்து விசைத்தறி விரிப்புகள் குறைந்த விலையில் வந்திறங்கி, பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே விற்பனையாயின. தறியில் உட்கார்ந்தவர்களின் கூலியை அது தாக்கியது. பலர் வேறு வேலை தேடிப் போயினர். 2005-06இல்தான் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு பதிவாயிற்று. அதாவது, பெயர் நெடுங்காலமாகவே இருந்தது. அப்பெயரை யார் பயன்படுத்தலாம், யார் கூடாது என்று காட்டுவதற்குரிய தாள் மட்டும் இல்லாதிருந்தது. தாள் வந்த பிறகும் போலி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பது வேறு செய்தி. எனினும் தாளே இல்லாதவர் புகார் கொடுக்கவும் இயலாது.

ஊர்ப் பெயர் ஊருக்கெல்லாம் பொது. கைத்தறித் துணிக்கென மத்திய அரசு 2006இல் கொண்டுவந்த கைத்தறி முத்திரையும் நாடெங்கும் உள்ள நெசவாளர்க்குப் பொது. இவ்விரண்டுக்கும் கீழே, இன்னார் செய்தது என்று சொல்லும் அடையாளம் ஒன்று தனியே வேண்டும். நாம் பேச வந்தது அதைப் பற்றியே.

சரி, அது ஏன் கையெழுத்து வடிவில் இருக்க வேண்டும்? அவசியமில்லை. பூவையோ, யானையையோ, வட்டத்தையோ வரைந்துகொள்ளலாம், தடுப்பவர் யாருமில்லை. ஆனால் நம்மைப் போன்ற சிறு தொழிலாளரிடம் காசில்லாமல் இருப்பதும், பிறரால் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாததும் கையெழுத்து ஒன்றே. அதோடு, கையால் செய்த பொருளின்மேல் கையால் எழுதிய பெயர் இருக்கும்போது, பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

பெரிய கம்பெனிகளே இவ்வழியில் வந்தவைதாம். கோகோ கோலா என்ற பெயரையும் அதன் சுழித்த எழுத்தையும் 1886இல் அமைத்தவர் ஃபிராங்க் ராபின்சன். அவர் ஓவியரல்லர், அத்தொழிலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அக்காலத்து அமெரிக்கக் கணக்கர்கள் பயின்ற கையெழுத்து முறை எதுவோ அதிலேயே அவர் எழுதினார். அந்தப் பானத்தைக் குடிப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. எழுத்தின் வரலாற்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கேட்பரி சாக்லேட்டின் எழுத்து, வில்லியம் கேட்பரி என்பவரின் கையொப்பத்திலிருந்து பிறந்தது. 1921இல் முதன்முதலாகச் சரக்கு வண்டிகளின்மேல் அதை எழுதினார்கள். தொடக்கத்தில் அதில் கொடியும் சுழியும் மிகுதி. பின்வந்த காலங்களில் ஒவ்வொன்றாகக் குறைத்தே இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். கையொப்பத்தை அப்படியே வைத்துக்கொள்வது வேறு, அதை எல்லோரும் படிக்கும்படி எளிமையாக்கிக்கொள்வது வேறு என்பதற்கு இது சான்று.

தமிழில் இத்துறையில் ஒரு பெயரைச் சொல்லாமல் போனால் அது நன்றி மறத்தலாகும். ஓவியர் கே. எம். ஆதிமூலம், 1938இல் பிறந்து 2008இல் மறைந்தவர். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களை உலகம் அறியும். ஆனால் தமிழ் நூல்களின் அட்டைகளிலும் இதழ்களின் தலைப்புகளிலும் அவர் எழுதிய எழுத்துகளே நம் பேச்சுக்கு நெருக்கமானவை. அதற்கு முன் தலைப்பெழுத்து என்றால் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு நிரப்புவதாக இருந்தது. அவரோ தூரிகையின் ஓட்டத்தை மறைக்காமல் விட்டார். கோடு தடித்த இடத்தில் தடித்தது. வறண்ட இடத்தில் வறண்டது. தமிழ் எழுத்து கையின் அசைவோடு நிற்கும்போதும் படிக்கத் தடையில்லை, அழகும் குறையவில்லை என்பதை அவருடைய தலைப்புகள் காட்டின. இன்று நாம் காணும் பல நூற்பெயர்களின் எழுத்து அவர் போட்ட வழியில் நடப்பதுதான்.

நம் சமுதாயத்தவர்க்கு நன்கு தெரிந்த இன்னொரு சான்றும் உண்டு. சென்னை திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசலுக்கு அருகிலிருந்து வந்த 'முஸல்மான்' உருது நாளேடு. 1927இல் சையத் அஸ்மத்துல்லாஹ் அவர்கள் தொடங்கியது. நான்கு பக்கங்களையும் காத்திபுகள் பேனாவால் எழுத, அதைப் படமெடுத்து அச்சிடுவது அதன் வழக்கம். கணினி வந்து பிற உருது ஏடுகள் மாறிய பின்னரும் அவ்வேடு கையெழுத்தை விடவில்லை. நிறுவனரின் மகனார் சையத் ஃபஸ்லுல்லாஹ் 2008இல் மறைந்தபின் அவர்தம் மகனார் பொறுப்பேற்றபோதும் அம்முறையே தொடர்ந்தது. ஒரு பக்கத்துக்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டிய வேலை அது. ஒரு வரி பிசகினால் திருத்துவது எளிதன்று. அந்தக் காத்திபுகளின் எழுத்தில் நாம் கற்க வேண்டியது பொறுமையை மட்டுமன்று, அளவையும்தான். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா என்பவர், பேனா முனையை ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியையே அளவுகோலாக்கினார். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், பிற எழுத்துகள் அதற்கு ஏற்ப என்று வகுத்தார். இந்த நுட்பம் அரபிக்கு மட்டும் உரியதன்று. தமிழில் எழுதும்போதும், நம் பேனா முனையின் அகலத்தைக்கொண்டு 'க' இத்தனை புள்ளி உயரம், கீழே இறங்கும் 'மு'வின் வால் இத்தனை புள்ளி என்று வைத்துக்கொண்டால், சுதந்திரமாக எழுதியும் எழுத்து ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்.

இனி, செய்முறைக்கு வருவோம். இப்பகுதியைச் சகோதரிகள் குறித்துக்கொள்வது நலம்.

எழுதப்போகிறவர் யார் என்பதே முதற்கேள்வி. குழுவில் அழகாக எழுதுகிறவர் யார் என்று தேடத் தேவையில்லை. அச்சுப்போல் எழுதுகிறவரின் எழுத்து பெரும்பாலும் அச்சுப்போலவே இருக்கும், தனித்தன்மை இராது. மளிகைக் கணக்கை நெடுங்காலம் எழுதிப் பழகிய மூத்தவரின் எழுத்தில் ஓர் ஓட்டம் இருக்கும். அதைக் கவனியுங்கள். அவர்களில் சிலர், 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துமுன் பள்ளி பயின்றவர்களாக இருப்பர். யானைத் துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய 'லை', 'னை' அவர்கள் கையில் இன்னும் தானாக வரும். பெயரில் அவ்வெழுத்து இருந்தால் அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது நம் கருத்து. பாடநூலில் அது பிழையாகலாம், பெயர்ச்சின்னத்தில் பிழையாகாது. ஆனால் இருபது வயதினரிடம் காட்டி, அவர்களும் தயங்காமல் படிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடில்லாத வெள்ளைத்தாளில், கறுப்பு மையில் எழுதச் செய்யுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டா. அதன் கோடு எங்கும் ஒரே தடிமனாக வரும். பட்டை முனைப் பேனாவோ, தூரிகையோ நன்று. ஆற்றங்கரை நாணலைச் சரிவாகச் சீவி மையில் தோய்த்தும் எழுதலாம். நம் முன்னோர் கலம் என்று வைத்திருந்தது அதுதானே. ஒரே பெயரை நூறு முறை எழுத வேண்டும். முதல் இருபதும் கவனமாக எழுதியவையாக இருக்கும். அவற்றில் உயிர் இராது. கை சலித்து, பெயரை மறந்து எழுதத் தொடங்கிய பிறகு வருவனவற்றில்தான் நமக்குரியது கிடைக்கும். அதிலிருந்து நான்கைந்தைத் தேர்ந்து சுவரில் ஒட்டி, ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒன்றின் 'கூ'வையும் மற்றொன்றின் 'டை'யையும் வெட்டி ஒட்டும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்க வேண்டா. ஒரே மூச்சில் எழுதியதே சேர்ந்து நிற்கும்.

தமிழுக்கென்று சில இடர்ப்பாடுகள் உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பழகிய கணினி வரைவாளர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. இகரத்தின் கொக்கி மேலேயும், உகரத்தின் வால் கீழேயும் போகும். எனவே பெயருக்கு மேலும் கீழும் வெற்றிடம் விட வேண்டும். 'ண', 'ன', 'ஞ' ஆகியவற்றின் சுழிகள் சிறிதாக்கும்போது அடைந்துபோய்க் கறுப்புப் பொட்டாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெய்யெழுத்தின் புள்ளி. ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில் புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே விட்டார்கள். இடம் நோக்கிப் படித்துக்கொண்டார்கள். இன்றைய வாடிக்கையாளர் அவ்வாறு படிக்க மாட்டார். அழகுக்காகப் புள்ளியைச் சிறிதாக்கினாலோ, பூவாக்கினாலோ பெயரே மாறிப்போகும். ஆகவே புள்ளி, பேனா முனையின் முழு அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

நம் மஹல்லாவில் தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் இருப்பதால், இரண்டு எழுத்தையும் சேர்த்து ஒரே சின்னமாக்கலாமா என்று கேட்கப்பட்டது. முயலலாம்; ஆனால் கடினம். உருதுவின் நஸ்தலீக் எழுத்து வலமிருந்து இடமாக, மேலிருந்து சாய்ந்து இறங்கும். தமிழ் ஒரே மட்டத்தில் நடக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் ஒன்று மற்றொன்றை இடிக்கும். தமிழைச் சின்னமாகவும், உருதுவையோ ஆங்கிலத்தையோ அதன்கீழ்த் தனி வரியாகவும் வைப்பதே பார்வைக்கு நல்லது. கடையாகத் திறக்கும் நாளில், பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் முதன்மையாகவும் இருக்க வேண்டும் என்ற தமிழ்நாட்டு விதிக்கும் அது பொருந்தும்.

தேர்ந்த தாளை நல்ல வெளிச்சத்தில், அல்லது ஸ்கேனரில் 600 புள்ளி அடர்த்தியில் படியெடுத்து, கணினியில் கோட்டு வடிவமாக்கச் சொல்ல வேண்டும். வெக்டார் என்பார்கள். அட்டையளவு குறுக்கினும் வேன் அளவு பெருக்கினும் அது சிதையாது. இவ்வேலையைச் செய்பவர் ஆர்வமிகுதியால் எல்லா வளைவையும் மழமழவென்று ஆக்கிவிடுவார். தடுத்துவிடுங்கள். கை நடுங்கிய இடம் ஒன்றிரண்டு இருக்கட்டும். பிறகு சோதனை. கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குச் சிறிதாக்கிப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். ரப்பர் ஸ்டாம்ப் செய்து பழுப்புக் காகிதத்தில் குத்திப் பாருங்கள். பருத்திப் பையில் ஸ்கிரீன் அச்சு அடித்துப் பாருங்கள். மயிரிழைக் கோடுகள் துணியின் இழைகளுக்குள் மறைந்துவிடும். ஒரே நிறத்தில் நிற்காத இலச்சினை, நாலு நிறத்திலும் நிற்காது. நம் போன்றோர்க்கு ஸ்டாம்பும் ஒரு மைப்பெட்டியுமே அச்சகம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பொருளே எழுத்தை மாற்றித் தருவதும் உண்டு. நெல்லைச் சீமையின் பத்தமடையில் நம் சமுதாயத்துப் பெண்கள் நெய்யும் கோரைப் பாயில், மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். ஊடும் பாவும் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால், அங்கே வளைவு என்பது படிப்படியாகத்தான் ஏறும். வட்டமான தமிழ் எழுத்து படிக்கட்டாகி நிற்கும் அந்த வடிவம் வேறெங்கும் கிடையாது. ஒயர் கூடையும் கட்டம் கட்டமாகப் பின்னுவதுதானே? பேனாவால் எழுதியதோடு நில்லாமல், பெயரின் முதலெழுத்தைக் கூடையின் ஓரத்தில் வேறு நிற ஒயரால் பின்னிப் பார்க்கும்படி சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அட்டையைக் கழற்றிவிடலாம், பின்னிய எழுத்தைக் கழற்ற முடியாது.

இவ்வளவு சிரமம் எதற்கு, கையெழுத்துப்போன்ற எழுத்துருக்கள் கணினியில் கிடைக்கின்றனவே என்று இளைஞர்கள் கேட்பார்கள். கிடைக்கின்றன; அவற்றுள் நல்லவையும் உண்டு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவனார்' எழுத்துரு, தமிழ்க் கையெழுத்தின் சாய்வை அழகாகக் காட்டுவது. கட்டணமின்றி, வணிகத்துக்கும் பயன்படுத்தத்தக்க திறந்த உரிமத்தில் அது வெளியிடப்பட்டிருக்கிறது. விலைப்பட்டியலுக்கும், துண்டறிக்கைக்கும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் எல்லோருக்கும் உரியதை நமக்கு மட்டும் உரிய அடையாளமாக வைத்துக்கொள்ள இயலாது. கூடைக்கு நாம் வைத்த அதே எழுத்தை நாளை பக்கத்து ஊர்ப் பலகாரக் கடையும் வைக்கலாம். கேட்க நமக்கு உரிமையில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'அம்மா' என்று கையால் எழுதினால் இரண்டு மகரமும் ஒன்றுபோல் இராது. எளிய எழுத்துருவில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே விழும். வாங்குபவர் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், எங்கோ ஏதோ பொய் என்று உணர்ந்துவிடுவார்.

உலமாக்கள் அமர்ந்திருக்கும் அவையில் இதையும் சொல்லிவிடுவது கடமை. பரக்கத்தை நாடி, இறைவனின் திருநாமத்தையோ மறைவசனத்தையோ சின்னத்தில் சேர்க்க விரும்புவோர் நம்மிடையே உண்டு. அவர்தம் நோக்கம் தூயது. ஆனால் அட்டை என்பது கிழித்தெறியப்படும் பொருள். பை என்பது மீன் வாங்கவும், பின் சாக்கடையோரம் கிடக்கவும் நேர்வது. அவ்வெழுத்துக்கு அந்நிலை வரலாமா? 786 என்ற எண்ணும் எத்தனையோ கடைகளின் பலகையில் இருப்பது. தனி அடையாளமாக அது உதவாது. தவிரவும், மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறிகளைப் பதியலாகாது என்று வணிகக் குறிச் சட்டத்தின் 9ஆம் பிரிவும் கூறுகிறது. பிஸ்மில்லாஹ் சொல்லி எழுதத் தொடங்குவோம். எழுதுவது நம் பெயராக இருக்கட்டும்.

நாம் அதிகம் கவலைப்படுவது இனி வரும் பகுதியைப் பற்றித்தான். எழுதி முடித்த சின்னம் யாருடையது?

கணினி மையத்தில் காசு கொடுத்துச் செய்ததால் அது நம்முடையதே என்று எண்ணுவது இயல்பு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கலைப்படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதைப் படைத்தவரே. சில வகைகளில் காசு கொடுத்துச் செய்வித்தவருக்கு உரிமை போகும் என்றாலும், வாதத்துக்கு இடம் வைப்பானேன்? எழுதியவரிடமும், கணினியில் வடிவமைத்தவரிடமும், உரிமையைக் குழுவுக்கு மாற்றித் தருவதாகக் கையொப்பமிட்ட ஒரு தாள் வாங்கிவிடுங்கள். அதில் எத்தனை காலத்துக்கு, எந்தெந்த நாட்டுக்கு என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், ஐந்தாண்டுகளுக்கு மட்டும், இந்தியாவுக்குள் மட்டும் என்றே 19ஆம் பிரிவு கொள்ளும். துபாய்க்கும் மலேசியாவுக்கும் உறவினர் வழியாகப் பொருள் அனுப்புகிற நமக்கு இது சிறிய செய்தியன்று. எழுதித் தந்த மூதாட்டிக்கு உரிய அன்பளிப்பை அன்றைக்கே கொடுத்து, அதையும் தாளில் குறித்துவிடுவது அழகு.

அடுத்து, வணிகக் குறிப் பதிவு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறி என்பதற்குரிய விளக்கத்திலேயே பெயர், எழுத்து, கையொப்பம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. ஆகவே கையெழுத்துச் சின்னத்தைப் பதிவதற்குத் தடையில்லை. 'சத்தி கூடை' என்பதுபோல ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும் பெயருக்கு அச்சொற்களின்மேல் தனியுரிமை கிடைப்பது அரிது, அது நியாயமும்கூட. நமக்கு மட்டும் உரிய ஒரு சொல் பெயரில் இருத்தல் வேண்டும். பொருளுக்கேற்ப வகுப்பு உண்டு. பாயும் ஜமக்காளமும் 27, பைகள் 18, தொப்பி 25. 2017ஆம் ஆண்டின் விதிகள், தனிநபருக்கும் சிறு தொழில்களுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணத்தை வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய் என்றும், மற்றவர்க்கு 9,000 என்றும் வைத்தன. விண்ணப்பிக்கும் நாளில் கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதிய சின்னமானால், அதன் ஒலிபெயர்ப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ விண்ணப்பத்தில் தர வேண்டும். கறுப்பு வெள்ளையில் பதிவதே நலம். நிறத்துக்கு வரம்பு கேட்காவிடில் எல்லா நிறத்துக்கும் பதிவானதாகவே கொள்ளப்படும். பதிவு பத்தாண்டுகளுக்கு, பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவாகுமுன் வட்டத்துக்குள் 'ஆர்' போட்டுவிடாதீர்கள். சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

யார் பெயரில் பதிவது என்பதில்தான் உறவுகள் முறிகின்றன. சகோதரிகளில் எவருக்கும் இணையம் பழக்கமில்லை என்று, ஒருவரின் அண்ணனோ மருமகனோ தம் பெயரிலேயே விண்ணப்பித்துவிடுவார். அன்று அது உதவி. தொழில் வளர்ந்து, கூட்டத்தில் மனக்கசப்பு வந்த அன்று, பன்னிரண்டு பேர் பின்னிய கூடையின் பெயர் ஒருவரின் சொத்தாகி நிற்கும். மற்ற பதினொருவரும் தாங்கள் வளர்த்த பெயரைத் தாங்களே போட முடியாது. ஆகவே முதலில் குழுவைச் சங்கமாகவோ கூட்டாண்மையாகவோ பதிந்து, அதன் பெயரில் விண்ணப்பிப்பதே முறை. சங்கத்தின் உறுப்பினர் அனைவரும் பயன்படுத்தத்தக்க கூட்டுக்குறி என்ற வகையும் அதே சட்டத்தில் உண்டு. யார் அக்குறியை இடலாம், எந்தத் தரத்துக்குக் குறைந்தால் இடக்கூடாது என்ற ஒழுங்குவிதியை அதற்கு எழுதித்தர வேண்டும். அந்த விதியை எழுத உட்காரும்போதே பாதிப் பூசல் தீர்ந்துவிடும். விதியில் ஒன்றை மட்டும் கட்டாயம் சேர்க்கச் சொல்வோம்: ஆர்டர் மிகுந்து, வெளியிலிருந்து கூடை வாங்கி நிரப்ப நேர்ந்தால், அக்கூடைக்கு இச்சின்னம் கிடையாது.

எழுத்தைத் தேர்ந்துகொள்ள விரும்பும் குழுவினர், நூறு முறை எழுதிய தாள்களை, நன்றாக வராதவற்றையும் எறியாமல், அஸருக்குப் பின் அலுவலகத்தில் கொண்டுவந்து தரலாம். அவற்றை மேசைமேல் பரப்பி வைத்துப் பார்ப்போம். உரிமை மாற்றத் தாளின் மாதிரியொன்றும் தமிழில் தட்டச்சு செய்து வைக்கப்பட்டுள்ளது. அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பின்னரே கையொப்பமிடுங்கள்.